தொடாமல் நகர்ந்த டாங்கி

அண்ணன் இறந்த ஒன்பதாம் நாள் மத்தியானம், எங்கள் வீட்டு டிவியில் அவனுடைய டாங்கி தானாக நகர்ந்தது. அவன் பிடிக்கும் ஸ்டிக் பாயில் கிடந்தது. யாரும் தொடவில்லை. வீட்டில் என்னைத் தவிர ஆளும் இல்லை.

அந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் மெஷின் நம்மோடு ஆடாது. இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு டாங்கி, ஆளுக்கு ஒரு ஸ்டிக். சுவருக்குச் சுவர் ஒளிந்து ஒருத்தரை ஒருத்தர் சுட வேண்டும். எதிரில் ஆள் இல்லையென்றால் அந்த டாங்கி, சேற்றில் படுத்த எருமை மாதிரி கிடந்த இடத்திலேயே கிடக்கும். அப்படித்தான் கிடக்க வேண்டும்.

அண்ணன் பிரிஞ்சாங்கில் ஒரு காய்கறி லோரியில் கெலிண்டானாக இருந்தான். டிரைவருக்குத் துணையாகப் போய், முட்டைக்கோசையும் தக்காளியையும் ஏற்றி இறக்குவது அவன் வேலை. லோரி சிங்கப்பூர் வரைக்கும் போகும். அங்கே மார்க்கெட்டில் யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய கேம் பெட்டியை ஒரு தடவை சாக்கில் சுற்றி எடுத்து வந்தான். இரண்டு ஸ்டிக்கும் ஒரே ஒரு கேசட்டும் இருந்தன. அந்தக் கேசட்டுக்குள் இருபத்தேழு விதமாக டாங்கியும் விமானமும் சண்டை போட்டன. கலர் கேம்தான். எங்கள் டிவி கறுப்பு வெள்ளை என்பதால் ஒரு டாங்கி சாம்பலாகவும் இன்னொன்று கொஞ்சம் கூடுதல் சாம்பலாகவும் தெரிந்தது. கூடுதல் சாம்பல் அவனுடையது.

அதற்கு முன்னாலேயே நாங்கள் தானா ராத்தா டவுனுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கோப்பிக்கடையில் டாங்கிச் சண்டை ஆடியிருக்கிறோம். அது ஆள் உயரத்துக்கு நிற்கும் மெஷின். ஆளுக்கு இரண்டு இரும்புக் கம்பி. இரண்டையும் முன்னால் தள்ளினால் டாங்கி முன்னால் போகும், ஒன்றை முன்னால் தள்ளி மற்றதைப் பின்னால் இழுத்தால் திரும்பும். குண்டு பட்டால் மெஷினே உறுமும், உள்ளங்கை வரைக்கும் அதிரும். வீட்டுக் கேமில் ஒரு ஸ்டிக், ஒரு சிவப்புப் பொத்தான், அவ்வளவுதான். எது நல்ல ஆட்டம் என்று எங்களுக்குள் எப்போதும் வாய்ச்சண்டை.

"டவுன் மெஷின்தான் ஆம்பள ஆட்டம்லா. கை வலிக்கணும். இது என்ன, அகப்பைய ஆட்டுற மாதிரி" என்பான் அண்ணன்.

"தோத்துட்டா அகப்பைய குத்தம் சொல்லு."

"யாரு தோத்தா? போன ஆட்டத்துல உன் டாங்கி செவுத்துல முட்டிக்கிட்டு நின்னுச்சு, மறந்து போச்சாடி கழுத?"

ஆனால் டவுன் மெஷினில் இல்லாத ஓர் ஆட்டம் வீட்டுக் கேமில் இருந்தது. அதில் இரண்டு டாங்கியும் கண்ணுக்குத் தெரியாது. சுட்டால், குண்டு பட்டால், சுவரில் முட்டினால் மட்டும் ஒரு நொடி தெரிந்து மறையும். எதிராளி எங்கே நிற்கிறான் என்று ஊகித்தபடியேதான் ஆட வேண்டும். அதில் நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அந்த ஆட்டத்தின் நம்பரும் என் மண்டையில் நின்றதில்லை.

அவன் கடைசியாகக் கிளம்பிய காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. கீழே ரோட்டில் லோரி ஹார்ன் அடித்தது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படி தாண்டி, பத்தடி போய்விட்டான். நான் கதவருகில் நின்று கூப்பிட்டேன்.

"அண்ணே, அந்த மறையிற ஆட்டம் எத்தனாவது நம்பரு?"

அவன் திரும்பி நின்றான். "பத்துலா, மண்டு. எத்தன தடவ சொல்றது?"

"நீ வர்றதுக்குள்ள பழகி வைக்கிறேன், பாரு."

"பழகு, பழகு. ரெண்டு பக்கமும் நீயே புடிச்சு, உன்ன நீயே சுட்டுக்க."

மறுபடி ஹார்ன் அடித்தது. அவன் ஓடினான். அன்று மத்தியானம் தாப்பா ஊருக்கு இறங்கும் மலைப்பாதையில், பனிமூட்டத்தில், லோரி பள்ளத்தில் போனது. டிரைவர் பிழைத்துக்கொண்டார்.

வெளியே கிளம்பியவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டால், அவர் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் கூப்பிட்டேன். உள்ளே வந்து உட்காரு என்று சொல்லவில்லை.

பெட்டியில் அவனைக் கொண்டுவந்த அன்று ஒப்பாரிக்கு நடுவில், பக்கத்து லயத்து அக்கா ஒருத்தி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நல்லாத்தானே கெளம்புனான்? போறப்ப யாரும் பின்னாடி கூப்புடலயே?"

"யாரும் கூப்புடல" என்றாள் அம்மா.

அம்மா அப்போது பின்னால் அடுப்படியில் இருந்தாள். அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். தெரிந்தால் என்னை என்ன செய்வாளோ. அப்பா போனபிறகு அம்மாவுக்கு அவன்தான் எல்லாம். அன்றிலிருந்து அவள் கண்ணைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன்.

சாவு வீட்டில் பதினாறு நாள் டிவி போடக் கூடாது என்று அதை ஒரு வேட்டியால் மூடினார்கள். அண்ணனைக் கிடத்திய இடத்தில் ஒரு விளக்கும் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடியும் வரைக்கும் இறந்தவர் வீட்டைச் சுற்றித்தான் இருப்பார் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் விளக்கு அணையவே கூடாது. ஐந்தாம் நாள் அம்மா கொழுந்து பறிக்கும் வேலைக்குத் திரும்பினாள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள். விளக்கைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்பதாம் நாள்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். மழை விடவில்லை. பனி இறங்கி, எதிர் லயத்தின் கூரைகூடத் தெரியவில்லை. வேட்டியைத் தூக்கிவிட்டு டிவியைப் போட்டேன். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தேன். ஏன் போட்டேன் என்று கேட்டால், அவன் கையால் தொட்ட பொருள்களில் வெளிச்சம் வருவது அது ஒன்றுதான். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அவன் ஸ்டிக்கை அவன் உட்காரும் பக்கம் பாயில் வைத்தேன். என் ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டேன். பத்தாம் நம்பருக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கினேன்.

இரண்டு டாங்கியும் மறைந்தன. நான் எதையும் அசைக்கவில்லை. வெறும் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வலது பக்கச் சுவரோரம் அவன் டாங்கி தெரிந்தது. சுவரை முட்டியது, மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே சுவரில் இன்னும் மேலே தெரிந்தது. மறுபடி மறைந்தது. அது என் பக்கம் வருகிறதா, போகிறதா என்று தெரியவில்லை.

நான் டிவியை அணைக்கவில்லை, பிளக்கைப் பிடுங்கினேன். அந்த வேகத்தில் காற்றுப் பட்டு விளக்குச் சுடர் படுத்து எழுந்தது. ஸ்டிக்கைத் தொடப் பயமாக இருந்தது. விளக்குமாற்றால் தள்ளி மூலைக்கு அனுப்பினேன். அம்மா வரும் வரைக்கும் வெளி வாசலில் மழைச்சாரலில் உட்கார்ந்திருந்தேன்.

நான் கூப்பிட்டேன், அதனால் அவன் திரும்பி வந்திருக்கிறான். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கூப்பிட்டால் திரும்பி உள்ளே வரவேண்டும் என்பதுதானே முறை. வந்தவனுக்குக் கோபமா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், மற்ற பெட்டிகளிலும் இப்படித் தானாக நகருமா என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. நகர்ந்தால் அது கேமின் வேலை. நகராவிட்டால் அவன்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் வீட்டில் ஒரு கேம் பெட்டி இருந்தது. டிரசர் மகளும் நானும் ஆறாம் வகுப்பு வரைக்கும் ஒன்றாகப் படித்தோம். பிறகு அவள் டவுன் பள்ளிக்குப் போனாள், நான் கொழுந்துக்கு வந்தேன். பதினாறு முடியாமல் துக்க வீட்டுக்காரர்கள் அடுத்த வீட்டுக்குள் போகக் கூடாது என்பதால், ஜன்னலுக்கு வெளியே நின்று அவளைக் கூப்பிட்டேன்.

"கேம் போட்டுக் காட்டுடி. உள்ள வரல, இங்கேருந்தே பாக்குறேன்."

"இப்ப கேம் பாக்குற நேரமாடி? ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"போடேன்."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் போட்டாள். அது எங்களுடையதைவிடப் பழசு. கேசட் கிடையாது, அந்த ஒரே ஆட்டம்தான். டவுன் மெஷினைச் சின்னதாக்கின மாதிரி, பெட்டியிலேயே ஆளுக்கு இரண்டு கம்பி. தரையில் கண்ணிவெடிகள் சின்னச் சின்னதாக இருக்கும். டாங்கி கட்டம் கட்டமாக, சீனிக்கட்டி மாதிரி. மறையும் ஆட்டம் அதில் இல்லை.

"இப்ப கையை எடு" என்றேன்.

"எடுத்தா?"

"எடுத்துட்டு சும்மா இரு."

இரண்டு பேரும் பார்த்தோம். இரண்டு டாங்கியும் அசையவில்லை. உள்ளே அவர்கள் வீட்டுக் கடிகாரம் அடிக்கும் வரைக்கும் பார்த்தேன். ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

"என்னடி தேடுற?" என்றாள் அவள். குரல் மாறியிருந்தது. "ஏன்டி இப்படி நடுங்குற? எனக்குப் பயமா இருக்குடி, வீட்டுக்குப் போ."

பதினாலாம் நாள், காரியத்துக்குச் சாமான் வாங்க மாமாவோடு தானா ராத்தா போனேன். மாமா அம்மாவின் தம்பி, ரிங்லெட் பக்கம் ஓர் எஸ்டேட்டில் வேலையாட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தார். அவர் பூக்கடையில் நின்ற நேரத்தில் நான் கோப்பிக்கடைக்குள் நழுவினேன். ஒரு காசைப் போட்டேன். எனக்குரிய கம்பிகளை மட்டும் பிடித்துக்கொண்டு, அண்ணன் பக்கத்தைப் பார்த்தபடி நின்றேன். அவன் டாங்கி நின்றது நின்றபடி இருந்தது. நேரம் ஓடி முடிந்தது. நான் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

கடை முதலாளி, தவுக்கே என்போம், வந்து பக்கத்தில் நின்றார். சீனர், எங்களை அடிக்கடி பார்த்தவர். மலாயில் கேட்டார். "உன் அபாங் எங்கே? தனியா வந்திருக்கே." அபாங் என்றால் அண்ணன்.

"அபாங் இறந்துட்டாரு" என்றேன்.

அவர் தோளில் கிடந்த துணியை எடுத்து, துடைத்த மெஷின் கண்ணாடியையே மறுபடி துடைத்தார். வீட்டில் யாரிடமும் கேட்க முடியாததை நான் அவரிடம் கேட்டேன். தொடாமல் டாங்கி நகருமா தவுக்கே? சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நகரும். இந்த ஊர் பாசா" என்றார். பாசா என்றால் ஈரம். "கம்பிக்கு உள்ளே தகடு இருக்கு. ஈரம் பட்டா, யாரோ தள்ளுற மாதிரி மெஷினுக்குத் தெரியும். நான் வாரா வாரம் திறந்து பல்பு வெச்சுக் காய விடுறேன், அதனாலதான் இது நிக்குது. தினம் ஆடினா கைச்சூட்டுல காஞ்சிரும். சும்மா கிடந்தா ஈரம் இறங்கிரும். உன் அபாங் போன பிறகு யாராச்சும் ஆடினீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"ரெண்டு ஸ்டிக்கையும் இடம் மாத்திச் சொருகு. அவர் ஸ்டிக்கை உன் பக்கம் போடு. உன் டாங்கி நகர்ந்தா ஸ்டிக் கெட்டுப் போச்சு. அவர் டாங்கியே நகர்ந்தா..." என்று நிறுத்தினார். "அப்ப பெட்டிய கொண்டா, பாக்குறேன்."

அவர் நிறுத்திய இடத்தில் எனக்கு வேறொன்று கேட்டது. பஸ்ஸில் திரும்பும்போது மாமா, "என்னம்மா, காய்ச்சலா? பல்லு தந்தியடிக்குது" என்று தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்தினார். பிறகு சொன்னார். "நாளன்னிக்கு அவன் சட்டை துணியெல்லாம் படையல்ல வச்சு ஆத்துல விட்டுரணும். அந்தக் கேம் பொட்டியையும் எடுத்து வச்சிரு. அவன் ஆசப்பட்ட பொருளு. வீட்டுல கெடந்தா அவன் போக மாட்டான்."

பெட்டி ஆற்றுக்குப் போவதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். அடுத்த நாள் பதினைந்து. அம்மா வேலைக்குப் போனதும் கதவைச் சாத்தினேன். வேட்டியைத் தூக்கினேன். மூலையில் கிடந்த ஸ்டிக்கைத் துண்டால் பிடித்து எடுத்தேன். இரண்டையும் இடம் மாற்றிச் சொருகினேன். அவன் ஸ்டிக் என் பக்கம், என் ஸ்டிக் அவன் பக்கம். இரண்டையும் பாயில் வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன். இந்தத் தடவை மறையாத ஆட்டத்தைத்தான் போட்டேன். மறையும் ஆட்டத்தைப் போடத் தெம்பில்லை.

அவன் டாங்கி அசையவில்லை. என் டாங்கி மெல்ல மெல்ல ஊர்ந்து போய்ச் சுவரில் முட்டி நின்றது.

ஸ்டிக்தான். ஈரம்தான்.

பயம் போய்விடும் என்று நினைத்தேன். அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. அவன் வரவில்லை. கோபமாகக்கூட வரவில்லை. இத்தனை நாள் நான் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது, பனியில் நனைந்த ஒரு தகட்டிடம். அப்படியென்றால் இனி யாரிடம் கேட்பது? வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கதவு திறந்தது எனக்குக் கேட்கவில்லை.

மழைக்காக வேலையைச் சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள். அம்மா இடுப்பில் கட்டிய சாக்கோடு, தண்ணீர் சொட்ட நின்றாள். டிவி எரிந்துகொண்டிருந்தது.

"என்னடி பண்ற?" என்றாள். "வெளக்கு எரியுது, பக்கத்துல நீ கேம் போட்டு ஆடுறியா?"

"ஆடலம்மா."

"பின்ன?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "நான்தாம்மா அவன பின்னாடி கூப்புட்டேன்" என்றேன். "கெளம்புறப்ப. இந்த ஆட்டத்தோட நம்பரு கேக்க. உள்ள வந்து ஒக்காருன்னு சொல்லல. நான்தான்."

அடி விழும் என்று தலையைக் குனிந்தேன். அம்மா நனைந்த சாக்கோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"தெரியும்" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பதினைந்து நாளில் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அடுப்படியில இருந்தேன். காதுல விழுந்துச்சு. தண்ணி குடுத்து ஒக்கார வச்சு அனுப்பணும்னு எந்திரிச்சேன். பாலு பொங்க வந்துச்சு. அத எறக்கி வச்சுட்டு வர்றதுக்குள்ள ஹாரன் அடிச்சுட்டான். சரி, லோரி நிக்குது, போவட்டும்னு விட்டுட்டேன். நீ சின்னப்புள்ள. எனக்கென்ன, வயசாவலயா?"

"அந்த அக்கா கேட்டப்ப இல்லன்னு சொன்னியே."

"ஒன்ன சொல்லிருவாளுங்க. ஒலகம் இருக்குற வரைக்கும் சொல்லுவாளுங்க." மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "ஒன்னய மட்டும் இல்ல, என்னயும்தான். மாமாகிட்ட சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத."

கூப்பிட்டதால் ஒன்றும் ஆகியிருக்காது என்று அவள் சொல்லவில்லை. அப்படி ஒரு வார்த்தைக்காகத்தான் நான் காத்திருந்தேன். அவளும் அதே வார்த்தைக்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன். இரண்டு பேருக்கும் அதைச் சொல்லத் தைரியம் இல்லை. டிவியில் என் டாங்கி சுவரை முட்டிக்கொண்டே இருந்தது. அம்மாதான் எழுந்து போய் அணைத்தாள்.

மறுநாள் காரியம் நடந்தது. சட்டை, சாரோங், செருப்பு எல்லாம் படையலுக்கு முன்னால் வைத்தோம். மாமா கேம் பெட்டியைக் கேட்டார்.

"அது அவளுக்குன்னு கொண்டாந்தது" என்றாள் அம்மா.

"அக்கா, அவன் தொட்ட பொருளு."

"அவன் தொட்ட பொருளுன்னா நாங்களும்தான்டா. எங்களையும் ஆத்துல விடு."

பெட்டி வீட்டில் தங்கிவிட்டது. அவன் ஸ்டிக்கை அடுப்புக்கு மேலே பரணில் வைத்தேன். நன்றாகக் காய்ந்துவிட்டது. இப்போது தொட்டால்தான் நகர்கிறது. எப்போதாவது டிரசர் மகள் வந்தால் ஆடுவோம். பத்தாம் நம்பர் மட்டும் போடுவதில்லை.

அண்ணன் போய் இரண்டு வருடமாகிறது. நானும் அம்மாவும் இப்போது வேறு வேறு கொழுந்துக் கும்பலில் வேலை செய்கிறோம். காலையில் அவள் எனக்கு முன்னால் கிளம்புகிறாள். செருப்பு மாட்டும் சத்தம் கேட்டால் என் வாய் தானாக இறுகிவிடும். அவள் வளைவு தாண்டி மறையும் வரைக்கும் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வேன்.

போன வாரம் அவள் தூக்குச்சட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டாள். நான் பார்த்தபோது அவள் படி இறங்கி ரோட்டுக்குப் போயிருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் திரும்பியிருப்பாள். நான் கொடுக்கவில்லை. சட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக மலையில் ஏறி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்கே ஓடினேன். குச்சிகள் காலைக் கிழித்தன. இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். குழம்பு கொஞ்சம் கொட்டிவிட்டது. அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, ரோட்டில் இறங்கி, அவள் எதிரே நின்றேன்.

அம்மா என் காலில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தாள். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கவில்லை. சட்டியை வாங்கிக்கொண்டு, ரோட்டோரக் கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள்.